மெயில் கணக்கைப் பறிகொடுக்காமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக மெயிலுக்கு ஏதாவது நடந்தால் கூப்பிட ஐடி ஆட்கள் இருப்பார்கள். சொந்த மெயிலுக்கு நாமேதான் எல்லாம். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் என்று ஒரு முகவரியை வைத்துக்கொண்டு வாழ்க்கையையே அதில் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அதிகம் பேர் வைத்திருப்பது ஜிமெயில் என்பதால் உதாரணங்கள் அதை ஒட்டியே வரும், மற்றவற்றிலும் இதே வசதிகள் கொஞ்சம் வேறு இடத்தில் இருக்கும்.

என் மெயிலில் விளம்பரமும் பில்லும்தான் கிடக்கிறது. அதை எடுத்து எவன் என்ன செய்யப் போகிறான்?

கிடக்கிற மெயிலை விட இனிமேல் வரப்போகிற மெயில்தான் அவனுக்குத் தேவை. ஃபேஸ்புக்கோ அமேசானோ, ஏறக்குறைய எந்தக் கணக்காக இருந்தாலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் புதிய பாஸ்வேர்டு வைக்கிற லிங்க் உங்கள் மெயிலுக்குத்தான் வரும். ஆக, மெயில் கையில் இருப்பவனுக்கு மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டு தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

பழைய மெயிலிலும் சரக்கு இல்லாமல் போகாது. யாருக்கோ அனுப்பிய பான் கார்டு ஸ்கேன், வீட்டு ஒப்பந்தம், இ-ஆதார் பிடிஎஃப் எல்லாம் 'அனுப்பியவை' பகுதியில் வருஷக்கணக்காக இருக்கும். இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்து, அப்புறம் பிறந்த வருஷம், அவ்வளவுதான் அந்தப் பாஸ்வேர்டு. இரண்டும் அதே மெயில் பெட்டியிலேயே கிடைத்துவிடும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் தொடர்பு எண்களும் கூகுள் போட்டோஸில் ஏறிய படங்களும் அந்த ஒரே கணக்கில்தான் இருக்கின்றன.

ஹேக் செய்வதென்றால் பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பதுதானே?

சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். நிஜத்தில் மெயில் கணக்குகள் போன கதைகள் பலவற்றில் பாஸ்வேர்டை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள், 'மறந்துவிட்டது' என்கிற வழியாக உள்ளே வந்திருப்பார்கள்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாஹூ மெயிலை ஒரு 20 வயது கல்லூரி மாணவர் கைப்பற்றினார். யாஹூ கேட்ட கேள்விகள் பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்பவை. மூன்றுக்கும் பதில் இணையத்திலேயே கிடந்தது. அடுத்த வருஷம் ட்விட்டர் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. அங்கே வேலை பார்த்த ஒருவரின் ஜிமெயிலுக்கு மீட்பு முகவரியாக (பாஸ்வேர்டு மறந்தால் லிங்க் போகிற இரண்டாவது மெயில்) ஒரு பழைய ஹாட்மெயில் இருந்தது, அவர் பயன்படுத்தாமல் விட்டதால் அது காலாவதியாகியிருந்தது, புகுந்தவர் அதே பெயரில் புதிதாக ஹாட்மெயில் பதிவு செய்துகொண்டு ஜிமெயிலுக்கான மீட்பு லிங்க்கை வரவழைத்துக்கொண்டார். எவ்வளவு சுலபம் பாருங்கள்.

2012 ஆகஸ்டில் வயர்ட் இதழின் செய்தியாளர் மேட் ஹோனனுக்கு நடந்தது இன்னும் மோசம். அமேசானின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுப் பேசி அவருடைய கார்டின் கடைசி நான்கு எண்களைப் பார்த்துக்கொண்டார்கள். அதே நான்கு எண்களை அடையாளமாகக் காட்டி ஆப்பிள் கணக்கை வாங்கினார்கள். அவருடைய ஜிமெயிலின் மீட்பு முகவரி அந்த ஆப்பிள் மெயில்தான் என்பதால் அதுவும் போனது. ஐபோன், ஐபேட், மேக்புக் மூன்றையும் தூரத்திலிருந்தே அழித்துவிட்டார்கள், மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் உட்பட. அவர்களுக்கு வேண்டியிருந்தது அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயர், அவ்வளவுதான்!

அப்படியானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மீட்பு போன் எண், மீட்பு மெயில் முகவரி. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே கூகுள் கணக்கின் 'பாதுகாப்பு' பகுதிக்குப் போய்ப் பார்த்தாலும் சரிதான்.

நம் ஊரில் இது பெரிய பிரச்சினை, ஏனென்றால் எண்ணை மாற்றிக்கொண்டே இருந்த தலைமுறை நாம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு ஏர்செல் சிம் இருந்த காலம் ஒன்று உண்டு. 2018 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது டவர் போய், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூட முடியாமல் பலர் திண்டாடினார்கள். அதற்கு முன்னால் தொடங்கிய மெயில் கணக்குகளில் இன்றைக்கும் அந்தச் செத்துப்போன எண்தான் மீட்பு எண்ணாக உட்கார்ந்திருக்கலாம். பாஸ்வேர்டு மறந்துபோனால் உங்களுக்கே வழி இல்லை. அதைவிட மோசம், ரத்தான எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயே இதைச் சொல்லியிருக்கிறது. புதிதாக சிம் வாங்கியவர் நல்லவராக இருந்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

மீட்பு மெயிலாகப் படித்த கல்லூரி கொடுத்த முகவரியையோ பழைய கம்பெனி முகவரியையோ வைக்காதீர்கள். யாஹூ 2013-லேயே கிடப்பில் இருந்த பெயர்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தது. கூகுள் இரண்டு வருஷம் தொடாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்க ஆரம்பித்துவிட்டது, ஆகவே மீட்புக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது ஜிமெயிலையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். அந்த இரண்டாவது கணக்குக்கும் முதல் கணக்குக்கு இருக்கிற அதே பாதுகாப்பு வேண்டும், இல்லாவிட்டால் முதலாவதைப் பூட்டிப் பயனில்லை.

என் மெயில் ஐடியை பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் தொடங்கிக் கொடுத்தார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான், முடியவில்லை. இன்ஜினியரிங் கவுன்சிலிங், டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வு என்று விண்ணப்பம் போடப் போகிற இடத்தில், மெயில் இல்லையா, இரு தம்பி என்று ஐந்தே நிமிஷத்தில் ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிடுவார்கள். வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்கும்போது அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பாஸ்வேர்டு உங்கள் பெயரும் ஒரு 123-உம், மீட்பு எண் அவருடையது, எல்லாம் கடை நோட்டில் எழுதியும் இருக்கும். அவர் யோக்கியராகவே இருக்கட்டும், அந்த நோட்டையும் அந்தக் கணினியையும் தினமும் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

கணக்கை விட வேண்டியதில்லை. சொந்த போனில் உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் உங்களுடையதாக்குங்கள், 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் கடைக் கணினி தெரிந்தால் வெளியேற்றுங்கள். பிறந்த தேதியைத் தோராயமாகப் போட்டு வைத்திருப்பார்கள், அதையும் சரி செய்யுங்கள். இனிமேல் கடையில் மெயில் திறக்க வேண்டி வந்தால் தனிப்பட்ட சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து, முடிந்ததும் வெளியேறுங்கள், 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா' என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அந்தக் கணினியில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்கிற நிரல் ஏதாவது இருந்தால் இவை எதுவுமே காப்பாற்றாது. பிரிண்ட் எடுக்க மட்டும் போகிறீர்கள் என்றால் கோப்பை பென் டிரைவில் கொண்டுபோய்விடுவது மேல்.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே இந்தக் கட்டாயத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி வைப்பார்கள் என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். பெரிய எழுத்து ஒன்று, சிறப்புக் குறி ஒன்று என்று கட்டாயப்படுத்துவதாலும் பெரிய லாபமில்லை, எல்லோரும் முதல் எழுத்தைப் பெரிதாக்கிக் கடைசியில் ஒரு @ போடுவார்கள், அது திருடனுக்கும் தெரியும்.

நீளமும், வேறெங்கும் பயன்படுத்தாமல் இருப்பதும்தான் முக்கியம். யாஹூவிலிருந்து 2013-இல் தகவல் திருடப்பட்டபோது பாதிக்கப்பட்டவை 300 கோடி கணக்குகள், அதாவது அப்போதிருந்த யாஹூ கணக்குகள் அத்தனையும். இது முழுதாகத் தெரியவந்தது 2017-இல். இப்படிக் கசிந்த பட்டியல்களை வைத்துக்கொண்டு அதே மெயில், அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் திறக்கிறது என்று நிரல்கள் ஓயாமல் முயன்று பார்க்கின்றன. எப்போதோ மூடிப்போன ஷாப்பிங் தளத்தில் வைத்த பாஸ்வேர்டும் ஜிமெயில் பாஸ்வேர்டும் ஒன்றானால் வினை அங்கேதான். உங்கள் முகவரி எந்தெந்தக் கசிவில் இருக்கிறது என்று பார்க்க ட்ராய் ஹன்ட் என்பவர் 2013-இல் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் ப்வ்ன்ட்' (haveibeenpwned.com) தளம் இருக்கிறது, இலவசம்.

எப்படி வைப்பது? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைத் தங்கிலீஷில் சேர்த்து எழுதுங்கள். முருங்கை, லாந்தர், எட்டயபுரம், தவில் என்கிற மாதிரி (இதையே வைத்துவிடாதீர்கள், இங்கே எழுதியாகிவிட்டது). குழந்தை பெயர், குலதெய்வம், பைக் எண், பிடித்த நடிகர் வேண்டவே வேண்டாம். மற்ற கணக்குகளுக்கு ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளை நினைவில் வைத்துத் தானாக நிரப்பும் மென்பொருள்) வைத்துக்கொள்ளுங்கள். அது ஒத்துவராது என்றால் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்தாலும் தப்பில்லை, ரஷ்யாவிலிருந்து திருடுகிறவன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை. எழுதி மானிட்டரில் ஒட்டினால்தான் தப்பு.

ஓடிபி வைத்திருக்கிறேன். அது போதாதா?

இல்லாததற்கு எவ்வளவோ மேல். 2019-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வின்படி, எஸ்எம்எஸ் குறியீடு தானியங்கி நிரல்களின் தாக்குதலை 100 சதவீதமும், மொத்தமாக அனுப்பப்படும் போலி மெயில் மோசடியை 96 சதவீதமும் தடுத்தது. ஒருவரையே குறிவைத்துத் தாக்கும்போது மட்டும் அது 76 சதவீதமாகிவிட்டது. யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி மூன்றிலுமே 100.

எஸ்எம்எஸ்ஸின் பலவீனம் சிம்மில் இருக்கிறது. போலி ஆவணம் காட்டி உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். இதற்காகத்தான் சிம் மாற்றிய 7 நாளைக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் விதி வந்தது. காரணமே இல்லாமல் உங்கள் போனில் சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருந்தால், உடனே வேறு போனிலிருந்து நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடாதீர்கள்.

இதைவிட நல்லது, குறியீடு தரும் ஆப். அத்தென்டிகேட்டர் என்று கூகுளும் மைக்ரோசாஃப்டும் இலவசமாகக் கொடுக்கின்றன. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண், சிக்னலே தேவையில்லை. சிங்கப்பூர், துபாய் போய் ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிடுகிறவர்களுக்கு இதுதான் சரி, எஸ்எம்எஸ்ஸை நம்பியிருந்தால் அங்கே உட்கார்ந்துகொண்டு கைபிசைய வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் மேலானது பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி. கூகுள் 2023 மே மாதத்திலிருந்து எல்லோருக்கும் தருகிறது. கைரேகையோ முகமோ காட்டினால் திறக்கும், போலித் தளத்தில் வேலையே செய்யாது. ஓடிபியை ஏமாந்து போலிப் பக்கத்தில் தட்டிவிடலாம், பாஸ்கீயை நீங்களே விரும்பினாலும் தட்ட முடியாது.

எதை வைத்தாலும் மாற்றுக் குறியீடுகளை எடுத்து வையுங்கள். கூகுள் எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடு தரும். தாளில் அச்செடுத்து ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் போட்டுவிடுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் வழி.

மெயிலைத் திறந்தாலே வைரஸ் வந்துவிடுமா?

இன்றைய ஜிமெயிலில், புதுப்பித்த பிரவுசரில், வெறுமனே படிப்பதால் வருவது மிக அரிது. முழுதாக இல்லை என்று சொல்ல மாட்டேன், கணினியில் நிறுவும் அவுட்லுக்கில் மெயிலைத் திறக்காமலேயே பாதிக்கிற ஓட்டை ஒன்று 2023 மார்ச்சில் அடைக்கப்பட்டது. அதனால் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வம்பு ஆரம்பிப்பது இணைப்புக் கோப்பைத் திறக்கும்போதுதான்.

இந்த வித்தையின் பாட்டன் 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பியது. 'ஐ லவ் யூ' என்று தலைப்பு, காதல் கடிதம் என்று ஒரு இணைப்பு. பெயர் டிஎக்ஸ்டி (வெறும் எழுத்துக் கோப்பு) என்று முடிவது போலத் தெரியும், உண்மையில் அதற்குப் பின்னால் விபிஎஸ் (திறந்தால் ஓடும் நிரல்) என்று இன்னொரு வால் இருந்தது, விண்டோஸ் அதை மறைத்துவிட்டது. திறந்தவுடன் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதம் போனது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம்கூட மெயிலை நிறுத்தி வைத்தது. எழுதியவரைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் பிலிப்பைன்ஸில் அப்போது அதற்குச் சட்டமே இல்லாததால் விட்டுவிட்டார்கள். விண்டோஸ் இன்றைக்கும் அந்த வாலை மறைத்துத்தான் காட்டுகிறது. கோப்புறை அமைப்பில் போய் 'கோப்பு நீட்டிப்புகளைக் காட்டு' என்பதை முதல் வேலையாகத் தேர்ந்தெடுங்கள்.

பில், கூரியர், நீதிமன்ற நோட்டீஸ் என்ற பெயரில் வரும் ஜிப் கோப்பு, அதுவும் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டையும் மெயிலிலேயே எழுதி அனுப்பியிருந்தால் தொடவே வேண்டாம். பாஸ்வேர்டு போட்டிருப்பதே ஜிமெயிலின் வைரஸ் சோதனை உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். வேர்டு, எக்செல் கோப்பைத் திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' என்று அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். 2022 முதல் இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோவை (கோப்புக்குள் இருந்து ஓடும் சிறு நிரல்) மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது, பழைய ஆஃபீஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. போனில் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) என்று முடிகிற எதுவும் வேண்டாம்.

சந்தேகமாக இருக்கிறது, ஆனால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இறக்காமல் ஜிமெயிலின் முன்னோட்டத்திலேயே பாருங்கள்.

தெரிந்தவரிடமிருந்து, நான் அனுப்பிய மெயிலுக்குப் பதிலாகவே வந்திருக்கிறது. அதையும் நம்பக் கூடாதா?

எமோடெட் என்ற நிரல் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒருவர் கணினிக்குள் புகுந்து, அவர் மெயிலில் நடந்த உண்மையான உரையாடலை எடுத்து, அதன் கீழே 'இணைப்பைப் பார்க்கவும்' என்று பதில் போட்டு மற்றவர்களுக்கு அனுப்பும். 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் கணினிகளைக் கைப்பற்றின, அந்த வருஷக் கடைசியிலேயே திரும்ப வந்துவிட்டது. எதிர்பார்க்காத இணைப்பு வந்தால் அனுப்பியவருக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். மெயிலிலேயே கேட்டால் பதில் சொல்வது திருடனாக இருக்கலாம்.

அசல் லிங்க்கா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகவரியை வலமிருந்து படிக்க வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் தளத்தின் உண்மையான பெயர். 'கூகுள் டாட் காம் டாட் செக்யூர்-லாகின் டாட் டாப்' என்று இருந்தால் அது கூகுள் இல்லை, செக்யூர்-லாகின் என்கிற எவனோ. வருமான வரி 'ரீஃபண்ட்' மெயில்கள் ஜூலை, ஆகஸ்டில் கொட்டும், அசல் தளம் 'டாட் கவ் டாட் இன்' என்றுதான் முடியும். பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று முன்பு சொல்வார்கள், இப்போது போலித் தளங்களுக்கும் பூட்டு இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னாலும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிற திறமையை நான் பெரிதாக நம்புவதில்லை. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு 'உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது' என்று கூகுள் பெயரில் மெயில் வந்தது. சந்தேகப்பட்டு ஐடி ஆளிடமே கேட்டார்கள். அவர் போலி என்று எழுத நினைத்து 'அசல்' என்று எழுதிவிட்டதாகப் பிறகு சொன்னார். அவர் பதிலில் கூகுளின் சரியான முகவரியும் இருந்தது, ஆனாலும் அழுத்தியது பழைய மெயிலில் இருந்த லிங்க்கை. அந்த வருஷம் அக்டோபரில் பொடெஸ்டாவின் மெயில்கள் விக்கிலீக்ஸில் வெளிவந்தன.

எனவே அசலா போலியா என்று ஆராயாமலேயே தப்பிக்கிற பழக்கம்தான் உதவும். மெயிலில் வந்த லிங்க் வழியாகப் போய் எங்கும் பாஸ்வேர்டு தட்டாதீர்கள். பிரவுசரில் நீங்களே முகவரியைத் தட்டிப் போங்கள், நிஜமாகவே ஏதாவது எச்சரிக்கை இருந்தால் அங்கேயும் தெரியும். பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது இன்றைக்கு நிரப்பவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

'உன் மெயிலை ஹேக் செய்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு' என்று என் முகவரியிலிருந்தே எனக்கு மெயில் வந்திருக்கிறதே?

தபால் கவரில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கேட்க மாட்டார். மெயிலிலும் அப்படித்தான். உங்கள் பழைய பாஸ்வேர்டு ஒன்றையும் அதில் எழுதியிருப்பான், அது எங்கிருந்தோ கசிந்த பட்டியலிலிருந்து எடுத்தது. வெப்கேமில் உன்னைப் படம் பிடித்தேன் என்பது புளுகு, ஒரே கடிதத்தை லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்புகிறான். காசு அனுப்பாதீர்கள், பதில் போடாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பயன்படுத்துகிறீர்கள் என்றால் மட்டும் உடனே மாற்றுங்கள்.

'கூகுள் மூலம் உள்நுழை' என்று கேட்கும் ஆப்களுக்கு அனுமதி கொடுக்கலாமா?

பெயரும் முகவரியும் மட்டும் கேட்டால் பிரச்சினையில்லை. 'உங்கள் மெயில்களைப் படிக்க, அனுப்ப, நீக்க' என்று கேட்டால் ஏன் என்று யோசியுங்கள். 2017 மே 3 அன்று தெரிந்தவர் ஒரு ஆவணத்தைப் பகிர்ந்ததாக மெயில் பரவியது. அழுத்தினால் உண்மையான கூகுள் பக்கமே வந்து, 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருவரின் ஆப்புக்கு அனுமதி கேட்டது. கொடுத்தவர்களின் தொடர்புகளுக்கெல்லாம் அதே மெயில் போனது. கூகுள் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டது. இங்கே முகவரியை வலமிருந்து படித்தாலும் பயனில்லை, பக்கம் அசல்தான். இப்படிக் கொடுத்த அனுமதியைக் கணக்கின் 'மூன்றாம் தரப்பு ஆப்கள்' பகுதியில் போய் நீங்களே நீக்க வேண்டும், பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விட்டதாக நினைக்காதீர்கள்.

பாஸ்வேர்டோடு ஓடிபியும் என்று இரண்டு அடுக்குப் பாதுகாப்பு இருந்தும் ஒருவருக்குப் போய்விட்டது என்கிறார்களே?

நடக்கும். ஒருமுறை உள்ளே நுழைந்ததும் அதை நினைவில் வைக்க பிரவுசர் ஒரு குக்கீயை வைத்திருக்கும். அந்தக் குக்கீயைத் திருடிக்கொண்டு போனால் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் என்று பிடிஎஃப் மாதிரி வந்த கோப்பை அங்கே ஒருவர் திறந்திருந்தார். தொழில்நுட்பமே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவர்கள்!

நம்மிடம் இது வரும் முக்கியமான வழி கிராக் மென்பொருள், அதாவது காசு கொடுக்காமல் ஓடும்படி பூட்டை உடைத்துப் பரப்புவது. ஃபோட்டோஷாப், ஆஃபீஸ், கேம், எதுவாக இருந்தாலும் 'முதலில் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்' என்று சொல்லியிருந்தால், அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். மெயில் திறக்கும் கணினியில் கிராக் வைக்காதீர்கள்.

ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸுடன் வரும் டிஃபென்டரே போதும், அதை நிறுத்தாமல் இருந்தால்.

யாரோ புகுந்துவிட்டார்கள் போலிருக்கிறது, ஆனால் இன்னும் என்னால் உள்ளே போக முடிகிறது. என்ன செய்வது?

சந்தேகமான கணினியிலிருந்து செய்யாமல் வேறு சுத்தமான சாதனத்திலிருந்து ஆரம்பியுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத சாதனங்களையெல்லாம் வெளியேற்றி, மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அவனே ஒரு பாஸ்கீயையோ அத்தென்டிகேட்டரையோ சேர்த்து வைத்திருக்கலாம், அதையும் நீக்குங்கள்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், திருடன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கணினியில் ஜிமெயிலைத் திறந்து அமைப்புகளில் 'வடிகட்டிகள்', 'முன்னனுப்பல்' என்கிற இரண்டு பகுதிகளையும் பாருங்கள், போன் ஆப்பில் வடிகட்டிகள் தெரியாது. உங்களுக்கு வரும் எல்லா மெயிலின் நகலும் இன்னொரு முகவரிக்குப் போகும்படி வைத்திருப்பான். வங்கியிலிருந்து வரும் மெயிலை உங்கள் கண்ணில் படாமல் நேரே குப்பைக்கு அனுப்பும்படி வடிகட்டி போட்டிருப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் இவை ஓடிக்கொண்டேதான் இருக்கும். 'பதில் முகவரி' என்ற இடத்தில் உங்களுடையதைப் போலவே ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். 'வெளிநாட்டில் மாட்டிக்கொண்டேன், பணம் அனுப்பு' என்று உங்கள் சொந்தக்காரர்களுக்கு எழுதிவிட்டு, பதில்கள் மட்டும் தனக்கு வரும்படி செய்கிற வேலை அது. கணக்கைக் கையாள வேறு யாருக்காவது அணுகல் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பது 'கணக்குகள்' பகுதியில் தெரியும்.

அப்புறம் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் ஒரு வரி போடுங்கள், என் மெயிலிலிருந்து பணம் கேட்டு ஏதாவது வந்தால் நம்பாதீர்கள் என்று. சித்தப்பா பெரியப்பாவிடமிருந்து போன் வந்து மானம் போகும்தான், அவர்கள் காசு போவதற்கு அது தேவலாம்.

உள்ளே போகவே முடியவில்லை. பாஸ்வேர்டு, எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான்.

முதலில் ஒன்று: 'ஜிமெயில் கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடாதீர்கள். சாதாரண ஜிமெயில் கணக்கை மீட்டுத்தர கூகுளுக்குப் போன் எண் கிடையாது. தேடலில் கிடைக்கிற எண்ணெல்லாம் மோசடிக்காரர்களுடையது, தூரத்திலிருந்தே உங்கள் போனைப் பார்க்கவும் இயக்கவும் விடுகிற எனிடெஸ்க் ஆப்பைப் போடச் சொல்லி வங்கிக் கணக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். 'எனக்கு கூகுளில் ஆள் தெரியும்' என்று இன்ஸ்டாகிராமில் வருகிறவர்களும் அதே ரகம்.

கூகுள் கணக்கு மீட்புப் பக்கத்துக்கு நீங்களே போங்கள். எப்போதும் மெயில் பார்க்கிற அதே போன், அதே வீட்டு வைஃபை, அதே பிரவுசரிலிருந்து முயலுங்கள், கூகுள் இதையெல்லாம் கணக்கில் எடுக்கும். பழைய பாஸ்வேர்டு நினைவிருப்பதை எழுதுங்கள். மீட்பு எண் மாற்றப்பட்ட 7 நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு கேட்க வழி இருக்கிறது, ஆகவே ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். வங்கி, வருமான வரி, டிஎன்பிஎஸ்சி, ஃபேஸ்புக் என்று அந்த மெயிலோடு இணைந்த ஒவ்வொன்றிலும் போன் எண் வழியாக நுழைந்து மெயில் முகவரியை மாற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் வங்கி.

போலீஸில் புகார் கொடுத்தால் பயன் உண்டா?

கணக்கைத் திரும்ப வாங்கித் தருவார்கள் என்று எண்ண வேண்டாம், அது கூகுளின் கையில். ஆனால் உங்கள் பெயரில் யாரிடமாவது பணம் கேட்டு வாங்கியிருந்தாலோ உங்கள் ஆவணங்களை வைத்துக் கடன் எடுத்தாலோ, அன்றைக்கே புகார் கொடுத்தேன் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். இந்தியாவில் பணம் போயிருந்தால் உடனே 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க வாய்ப்பு. மற்றதற்கு 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளம் அல்லது மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. இலங்கையில் இருப்பவர்கள் நாட்டின் கணினி அவசர உதவி அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டை 101-இல் அழைக்கலாம், அங்கே 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது.

புகார் கொடுக்கப் போகும்போது கூகுள் அனுப்பிய எச்சரிக்கைகள், திருடன் உங்கள் பெயரில் அனுப்பிய மெயில்கள் ஆகியவற்றின் படங்களைத் தேதி, நேரம் தெரியும்படி எடுத்துக்கொண்டு போங்கள். அவை உங்கள் பெட்டியில் இல்லை, அழித்துவிட்டான் என்றால் மெயில் வந்த உறவினரிடம் கேட்டு வாங்குங்கள், அவர் பெட்டியில் இருக்கும். அவரிடம் அதை இன்னும் நீக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.